சாகோஸ் தீவுகளும் அவற்றின் குடிகளும்

சூழ்ச்சியிலும் துணிச்சலிலும் தேர்ந்த ஒருவனை, "அவன் சரியான எம்டன்" என்று சென்னைவாசிகள் சொல்வதுண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து, எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டு, சில நிமிடங்களில் இருளில் மறைந்துபோன ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. உயர்நீதிமன்றத்து மதிலில் அந்நிகழ்ச்சிக்கு நினைவுக்கல் ஒன்று உளது. மக்கள் மூட்டைமுடிச்சுகளோடு நகரைவிட்டு ஓடிய கதையை நம் முன்னோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் அக்கப்பல் அதன்பின் எங்கே சென்றது என்பதை அறிந்தோர் சிலரே.

இலங்கையைச் சுற்றி, மினிக்காய்க்கு அருகே மேலும் சில வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தபின், எம்டன் தெற்கே திரும்பிற்று. அக்டோபர் 9ஆம் நாள் அது நங்கூரம் பாய்ச்சிய இடம் தியேகோ கார்சியா என்னும் சிறு தீவு. பிரித்தானியக் கொடி பறந்த அந்தத் தீவில் பகைவனை எதிர்க்க ஒரு துப்பாக்கியும் நீளவில்லை. காரணம், உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்திருந்தும் அச்செய்தி அங்கே எட்டவே இல்லை! தபால் கப்பல் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். தோட்டத்து அதிகாரி ஜெர்மானியரை விருந்தினராகவே வரவேற்றார். அவர்களும் பழுதுற்றிருந்த அவருடைய இயந்திரப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். தங்கள் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கரியேற்றிக்கொண்டு மறுநாள் புறப்பட்டுவிட்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' எம்டனின் ஆட்டத்தை முடித்துவைத்தது.

போரின் செய்திகூட எட்டாத அத்தீவைப் பிற்காலத்தில் போரே வந்து விழுங்கியது எவ்வாறு என்பதைத்தான் இம்மாதம் நாம் சற்று விரிவாகக் காணவிருக்கிறோம்.

தேசப்படத்தை விரித்துக் கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, சற்று மேற்காக, விரலை ஓட்டிச் செல்லுங்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி ஏழாம் பாகையருகே மணலைத் தூவினாற்போலச் சில புள்ளிகள் தென்படும். அவையே சாகோஸ் தீவுகள். கன்னியாகுமரிக்கும் தியேகோ கார்சியாவுக்கும் இடையே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். குமரியிலிருந்து புதுதில்லி இதைவிடத் தொலைவு! அத்தீவுகளை நெடுங்காலம் ஆண்டுவந்த மொரீஷியஸும் அவற்றுக்கு நம்மைவிடத் தொலைவில்தான் இருக்கிறது.

இத்தீவுகளின் அமைப்பே ஒரு விந்தை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியிலிருந்த ஓர் எரிமலை ஊற்றின்மேல் நம் இந்தியத் தட்டு நகர்ந்து சென்றது. தக்காணத்துக் கரும்பாறைகள் அவ்வூற்றின் தொடக்ககாலப் படைப்பு. தட்டு நகர நகர, அதன் தடம் கடலுக்கடியில் ஒரு மலைத்தொடராக நீண்டது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகிய மூன்றும் அந்த ஒரே தொடரின்மேல் அமர்ந்திருப்பவை. எரிமலைகள் அவிந்து, மெல்ல மெல்லக் கடலுள் அமிழ்ந்தபோது, அவற்றின் ஓரங்களில் பவளப்பூச்சிகள் குடியேறின. மலை கீழே இறங்க இறங்க, இச்சிற்றுயிர்கள் தம் சுண்ணாம்புக் கூடுகளை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. மலை மறைந்தது, அதைச் சுற்றிய வேலி மட்டும் வட்டமாக நின்றது. நடுவே ஆழம் குறைந்த காயல், வெளியே அடிகாணா ஆழ்கடல், இடையே பவளமணல் குவிந்த ஒடுங்கிய நிலவளையம். இதனையே வட்டப் பவளத்திட்டு என்கிறோம். ஆங்கிலேயர் 'அட்டால்' என்று வழங்கும் சொல்லும் மாலத்தீவு மொழியிலிருந்து இரவல் பெற்றதே. இவ்விளக்கத்தை 1842ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட சார்லஸ் டார்வின் சாகோஸைக் கண்ணால் கண்டவரல்லர். கோகோஸ் தீவுகளை நேரில் பார்த்தவர்; சாகோஸைப் பொறுத்தவரை மோர்ஸ்பி என்ற கடற்படைத் தலைவர் தயாரித்த அளவைப் படங்களை நம்பியே எழுதினார்.

பெரிய சாகோஸ் திட்டு என்பது 12,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல நான்கு மடங்கு! உலகின் மிகப்பெரிய வட்டப் பவளத்திட்டு அதுவே என்பர். எனினும் அதில் நீருக்குமேல் தலைகாட்டும் நிலம் சில சதுர கிலோமீட்டரே. மற்றவை பெரோஸ் பன்யோஸ், சாலமன், எக்மாண்ட், தியேகோ கார்சியா முதலியன. அறுபதுக்கு மேற்பட்ட தீவுகளின் மொத்த நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி, குதிரைலாடம்போல் வளைந்த தியேகோ கார்சியா ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது.

ஆறில்லை, ஏரியில்லை. அங்கே மனிதர் எங்ஙனம் தண்ணீர் குடித்தனர் என்று நேயர்கள் வினவலாம். நாவலூரில் வாழும் நமக்கு இதன் விடை அருகிலேயே இருக்கிறது. நம்மூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்து, கானத்தூர், உத்தண்டிப் பக்கத்து மணற்பாங்கில் சில அடிகள் தோண்டினால், கடல் அலையோசை காதில் விழும் இடத்திலேயே நன்னீர் ஊறுவதைக் கண்டிருக்கிறோம். மணலில் இறங்கிய மழைநீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் ஆடைபோல மிதந்து நிற்கிறது. பவளத்தீவிலும் இதே கணக்குத்தான். அளவறிந்து இறைத்தால் வற்றாது. பேராசைப்பட்டு உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். லாரி லாரியாகத் தண்ணீர் எடுத்துச் செல்லப்படுவதைப் பார்க்கும் நம் கிழக்குக் கடற்கரையோர மக்களுக்கு இதைப்பற்றி மேலும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடலாம். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலை தியேகோ கார்சியாவைப் பெரிதும் தாக்கவில்லை. சில அடி உயரமே உள்ள நிலம் தப்பியதற்குக் காரணம், அதன் கிழக்கே கிடக்கும் பெரும்பள்ளமும், கரையிலிருந்து செங்குத்தாக இறங்கும் கடலடியும் அலை உயர இடங்கொடாமையே என்று அறிஞர் விளக்குகின்றனர்.

இனி மக்களைப்பற்றிக் கூறுவோம்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய மாலுமிகள் கண்டபோது இத்தீவுகளில் மனிதர் எவரும் இல்லை. 1780களில் மொரீஷியஸிலிருந்த பிரெஞ்சுக்காரர் தென்னந்தோட்டம் போட விழைந்து, மொசாம்பிக், மடகாஸ்கர் நாட்டு அடிமைகளை அங்கே இறக்கினர். 1786இல் பம்பாயிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியும் ஒரு குடியேற்றக் கூட்டத்தை அனுப்பி, அதே ஆண்டில் திருப்பியழைத்துக்கொண்டது. அப்போது தீவை அளந்தவர் ஆர்ச்சிபால்டு பிளேர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்குத் தம் பெயரைத் தந்தவர் இவரே. 1814ஆம் ஆண்டுப் பாரீஸ் உடன்படிக்கையின்படி மொரீஷியஸோடு சேர்த்துச் சாகோஸும் பிரித்தானியர் கைக்கு வந்தது. அடிமை முறை ஒழிந்தபின்னும் தோட்டம் ஒழியவில்லை. கரும்புத் தோட்டங்களுக்காக மொரீஷியஸுக்கு வந்திறங்கிய இந்தியக் கூலியாட்களிற் சிலரும் இங்கே வந்து சேர்ந்தனர். ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலந்து, பிரெஞ்சு மொழியினின்று கிளைத்த ஒரு கிரியோல் பேச்சோடு, ஒரு புதிய குடி உருவாயிற்று.

ஆண்கள் நாளொன்றுக்கு 500 தேங்காய் உரிக்க வேண்டும். பெண்கள் 1,200 காய்களிலிருந்து பருப்பைக் கெல்லி எடுக்க வேண்டும். செக்குகளைக் கழுதைகள் சுற்றின. அவ்வெண்ணெயே போர்ட் லூயி நகரத்து விளக்குகளை எரித்தமையால் இவற்றுக்கு 'எண்ணெய்த் தீவுகள்' என்றே பெயர் வழங்கிற்று. கூலி சொற்பம், அதைப் பொற்காலம் என்று நாம் போற்ற மாட்டோம். ஆயினும் வீடும், தோட்டமும், கோழியும், காயல் நிறைய மீனும் இருந்தன. மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த 'செராஸ்' என்ற குழம்பை அவர்கள் இன்றும் நினைத்து ஏங்குகின்றனர். நம் தென்பாண்டிச் சொதிக்கு அது ஒன்றுவிட்ட உறவென்றே தோன்றுகிறது. தீவுகளில் கோயில் இருந்தது. கத்தோலிக்கரே மிகுதி, மொரீஷியஸிலிருந்து குருவானவர் கப்பலேறி வரும் நாள் அரிது. மற்ற நாட்களில் செபமாலையும் பாடலுமாகத் தாங்களே கூடி வழிபட்டனர். கல்லறைத் தோட்டங்களில் ஐந்து தலைமுறைகளின் பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன.

இந்தக் கல்லறைகளை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960களில் அமெரிக்கா இந்துமாக்கடலின் நடுவே ஒரு படைத்தளம் தேடிற்று. 1965 நவம்பர் 8ஆம் நாள் பிரித்தானியா, விடுதலை பெறவிருந்த மொரீஷியஸிடமிருந்து சாகோஸைப் பிரித்து, 'பிரித்தானிய இந்துமாக்கடல் ஆட்சிப்பகுதி' என்ற புதிய குடியேற்ற நாட்டை அமைத்தது. மொரீஷியஸுக்கு ஈடாகக் கிடைத்தது 30 லட்சம் பவுண்டு. மறு ஆண்டு டிசம்பரில் தீவுகள் 50 ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் பாதுகாப்புத் தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டன. பணமாக வாடகை எதுவும் கைம்மாறவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குரிய ஏவுகணை விலையில் 140 லட்சம் டாலர் கமுக்கமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது.

இதில் ஓர் இடையூறு இருந்தது. குடியேற்ற நாடொன்றில் நிலையான குடிகள் இருப்பின், அவர்கள் நலனுக்கு ஆட்சியாளர் பொறுப்பாவர் என்று ஐ.நா. சாசனத்தின் 73ஆம் விதி கூறுகிறது. குடிகளே இல்லையெனில்? இலண்டன் அலுவலகத்தார் கண்ட வழி எளிது. அங்கிருப்போர் அனைவரும் மொரீஷியஸிலிருந்தும் சேஷெல்ஸிலிருந்தும் ஒப்பந்தத்தின்பேரில் வந்துபோகும் கூலிகள் என்று எழுதிவிட்டார்கள். கடற்பறவைகள் தவிர வேறு பூர்வகுடிகள் அங்கே இரா என்ற பொருள்பட உயரதிகாரி ஒருவர் 1966இல் குறிப்பெழுதினார். தீவு மக்களைக் கதைப்புத்தகக் காட்டுமனிதரோடு ஒப்பிட்டு நகையாடினார் மற்றொருவர். இக்குறிப்புகள் பின்னாளில் வழக்கு மன்றங்களில் வெளிவந்து உலகறியப்பட்டன. ஒரு தீவு வெறுமையாவதற்குப் புயலோ பஞ்சமோ வேண்டியதில்லை. ஓர் எழுதுகோல் போதுமானதாயிருந்தது. பாட்டன், பூட்டன் எலும்புகள் கிடக்கும் மண்ணில் நின்றவனை 'வந்துபோகிறவன்' என்று எழுத அக்கைகள் கூசவில்லை.

அடுத்தடுத்து நிகழ்ந்தவை யாவும் அவ்வெழுத்தை மெய்யாக்கும் முயற்சிகளே. 1967இல் தோட்டக் கம்பெனியை அரசு விலைக்கு வாங்கிற்று. மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் சென்றவர்களுக்குத் திரும்பும் கப்பல் மறுக்கப்பட்டது. பெரோஸ் பன்யோஸைச் சேர்ந்த ரீத்தா பான்கூ என்ற தாய், வண்டிச் சக்கரம் ஏறிக் காலில் காயமுற்ற தம் சிறுமியை 1968இல் சிகிச்சைக்காக மொரீஷியஸுக்கு அழைத்து வந்தார். குழந்தை பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து ஊர் திரும்பப் பயணச்சீட்டுக் கேட்டபோது, "உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனி நீங்கள் அங்கே போக முடியாது" என்று கூறினர். செய்தி கேட்ட அவர் கணவர் பாரிசவாயுவால் வீழ்ந்தார், பின் எழவேயில்லை.

தீவில் எஞ்சியோருக்கு உணவுப்பொருள் வரவு குறைக்கப்பட்டது. 1971இல் தியேகோ கார்சியாவில் மக்கள் வளர்த்த நாய்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டு, கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைக்கப்பட்டு, புகையூட்டிக் கொல்லப்பட்டன. சிறுவர் வாசலில் நின்று அழுதனராம். நாய்க்கு நேர்ந்தது தமக்கும் நேருமென்று அஞ்சியே பலர் கப்பலேறினர். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். 'நார்ட்வேர்' என்ற சிறு கப்பலில், இடமிருந்த அளவுக்கு மேல் ஏற்றப்பட்டு, குதிரைகள் தளத்தின்மேல் நிற்க, மனிதர் கொப்பரை மூட்டைகளிடையே முடங்கிக் கிடந்தனர். 1973இல் பெரோஸ் பன்யோஸும் காலி செய்யப்பட்டது. அக்கடைசிப் பயணத்தில் நான்கு மாதக் கர்ப்பிணியாயிருந்த லிஸ்பி எலீசே, பிறந்ததும் தம் குழந்தையைப் பறிகொடுத்ததை, 45 ஆண்டுகளுக்குப் பின் திஹேக் நகரத்து உலக நீதிமன்றத்தின்முன் ஒளிப்பதிவு வாயிலாகக் கூறியபோது, நீதிபதிகள் அமைதியாகக் கேட்டிருந்தனர். செக்கிழுத்த கழுதைகள் மட்டும் விடப்பட்டன. அவற்றின் சந்ததி தியேகோ கார்சியாவில் காட்டுக்கழுதைகளாகத் திரிந்தன.

வெளியேற்றப்பட்டோர் 1,500 முதல் 2,000 பேர் வரை. மொரீஷியஸின் சேரிகளில் வேலையின்றி, தென்னையைத் தவிர வேறு தொழில் அறியாது, அவர்கள் பட்ட துயரை விரிப்பின் பெருகும். 1972இல் ஒதுக்கப்பட்ட இழப்பீடு அவர்கள் கைக்கு வந்தது 1970களின் இறுதியில்தான்; அதற்குள் பணத்தின் மதிப்புத் தேய்ந்திருந்தது. 1982இல் மேலும் 40 லட்சம் பவுண்டு தரப்பட்டபோது, திரும்பும் உரிமையைக் கைவிடுவதாக ஆங்கிலத்தில் எழுதிய தாளில் பலர் பெருவிரல் ரேகை வைத்தனர். அந்த மொழி அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது.

ரீத்தாவின் மகன் ஒலிவியே பான்கூ தொழிலால் மின்பணியாளர். அவர் தொடுத்த வழக்கில் 2000 நவம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2004இல் அரசியின் பெயரால் பிறப்பித்த ஆணைமூலம் அரசு அவ்வுரிமையை மீண்டும் பறித்தது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. 2010இல் சாகோஸைச் சுற்றிய 6,40,000 சதுர கிலோமீட்டர் கடல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளத்துக்கும் மீனுக்கும் நன்மையே. ஆனால் முன்னாள் குடிகள் திரும்புவதை இக்காப்பகம் தடுத்துவிடும் என்ற பேச்சு அதிகாரிகளிடையே நடந்தது, கசிந்த தூதரகக் கடிதங்களால் வெளிப்பட்டது. 2019 பிப்ரவரி 25 அன்று உலக நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது முறையன்று, கூடிய விரைவில் பிரித்தானியா வெளியேற வேண்டும் என்று 13க்கு 1 என்ற பெரும்பான்மையில் கருத்துரைத்தது. அவ்வாண்டு மொரீஷியஸ் சென்று திரும்பிய திருத்தந்தை பிரான்சிஸும், உலக அமைப்பின் முடிவைப் பெரிய நாடுகள் மதிக்க வேண்டும் என்று விமானத்தில் நிருபர்களிடம் கூறினார்.

இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நாம் எண்ணிவிடலாகாது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் தேடிப் பல வாரங்கள் செல்பவர்கள். அவர்களுடைய விசைப்படகுகள் சாகோஸ் கடலில் பிரித்தானிய அதிகாரிகளிடம் பிடிபட்டதும், அபராதம் செலுத்தி மீண்டதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. அவ்வூர்களில் தியேகோ கார்சியா என்பது சிறுவருக்கும் தெரிந்த பெயர்.

அதைவிடத் துயரமானது மற்றொன்று. 2021 அக்டோபர் 3ஆம் நாள், கனடாவை நோக்கித் தென்னிந்தியக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு ஓட்டை விழுந்து தத்தளித்து, தியேகோ கார்சியாவில் சேர்க்கப்பட்டது. அதில் 89 இலங்கைத் தமிழர், குழந்தைகளும் இருந்தனர். ஊரைப் பறிகொடுத்த ஒரு குடியின் தீவில், ஊரைப் பறிகொடுத்த மற்றொரு குடி கரையேறிற்று. வேலியிட்ட முகாமில், எலிகள் நுழையும் கூடாரங்களில், அவர்களிற் பெரும்பகுதியினர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைக்கப்பட்டனர். பட்டினிப் போராட்டமும், உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகளும் நடந்தன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே அம்மாதம் தீர்ப்புக் கூறிற்று. மனிதர் இல்லாத இடமென்று எழுதப்பட்ட தீவில், தமிழ் பேசும் மனிதருக்காக நீதிமன்றம் கூடிய விசித்திரத்தை என்னவென்பது!

2025 மே 22ஆம் நாள் பிரித்தானியாவும் மொரீஷியஸும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இதன்படி சாகோஸின் ஆட்சியுரிமை மொரீஷியஸுக்குச் சேரும். தியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் படைத்தளத்தின் பயனுக்கு விடப்படும். வெளியேற்றப்பட்டோர் நலனுக்கென 4 கோடி பவுண்டில் ஒரு நிதியும் உண்டு. மற்றத் தீவுகளில் மீண்டும் குடியேற்றம் செய்ய மொரீஷியஸுக்கு உரிமை தரப்பட்டுள்ளது. பெரோஸ் பன்யோஸ்காரர், சாலமன்காரர் சிலர் இதை மகிழ்ச்சியோடு வரவேற்றனர். ஒலிவியே பான்கூவும் அவர்களுள் ஒருவர்.

ஆயினும் அன்று காலையில் கையெழுத்து சில மணி நேரம் தாமதமாயிற்று. பெர்னதெத் துகாஸ், பெர்த்ரீஸ் பாம்ப் என்னும் இரு பெண்மணிகள், தங்களைக் கேளாமலே மறுபடியும் தங்கள் மண்ணைப்பற்றி முடிவு செய்கிறார்கள் என்று முறையிட்டு, நள்ளிரவு கடந்த வேளையில் இலண்டன் நீதிபதியிடம் இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். பின்னர் அன்றே தடை நீக்கப்பட்டது, பேனாக்கள் திறக்கப்பட்டன. இருவரும் தியேகோ கார்சியாவில் பிறந்தவர்கள். அந்த உடன்படிக்கையில் குடியேற்றத்துக்கு இடமில்லாத ஒரே தீவு அதுதான்.